இட்லிச் சைக்கிளுக்கு ஒரு பாத்திரம்: யோசனை எங்கிருந்து பிறக்கிறது?

வரைபலகை (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். செம்பூரில் வளர்ந்து, மும்பையிலேயே பொருள் வடிவமைப்பில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்து வருகிறேன். காலையில் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு நம் தெருக்களில் வரும் சைக்கிள் இட்லிக்காரர்களுக்குப் பாத்திரங்களையும் அவற்றைத் தாங்கும் சட்டத்தையும் புதிதாக வடிவமைப்பதை இறுதித் திட்டமாக எடுத்துக்கொண்டேன். ஆறு வாரங்கள் ஓடிவிட்டன. இணையத்திலிருந்து 400 படங்களுக்கு மேல் சேகரித்துப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். முகாம் அடுப்புகள், ஜப்பானிய மதிய உணவுப் பெட்டிகள், டென்மார்க்கின் சரக்குச் சைக்கிள்கள் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் நான் வரையும் ஒவ்வொரு படமும் அந்த நானூறின் கலவையாகவே வந்து நிற்கிறது. "இது மலையேறப் போகிறவருடைய பெட்டி, இட்லிக்காரர் இதில் எங்கே இருக்கிறார்?" என்று என் வழிகாட்டி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இத்துறையில் பல ஆண்டுகள் இருப்பவர்கள் ஒரு புதிய பொருளுக்கான முதல் யோசனையை எங்கிருந்து பெறுகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். "நிறையப் பாருங்கள்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அதைத்தான் ஆறு வாரங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

---

பறவைநோக்கி

சகோதரி, பலகையை மூடி வைத்துவிட்டு போரிவலியிலுள்ள தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். இயற்கையைவிடப் பெரிய வடிவமைப்பு ஆசிரியர் இல்லை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 1941-இல் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது தம் ஆடையிலும் நாயின் உரோமத்திலும் ஒட்டிக்கொண்ட முள்காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திராவிட்டால் இன்று நம் செருப்பிலும் பையிலும் இருக்கும் வெல்க்ரோ இல்லை. ஜப்பானின் 500 வரிசை அதிவேக ரயிலின் நீண்ட மூக்கு மீன்கொத்தியின் அலகைப் பார்த்து அமைக்கப்பட்டது. அதே ரயிலின் கூரைமேல் மின்சாரம் எடுக்கும் கரத்தின் இரைச்சலைக் குறைக்க ஆந்தையின் சிறகு விளிம்பிலுள்ள பற்கள் உதவின. தேனடை, நத்தை ஓடு, தூக்கணாங்குருவிக் கூடு என்று வெப்பத்தைக் காப்பதற்கும் சுமையைத் தாங்குவதற்கும் எத்தனையோ மாதிரிகள் நம்மைச் சுற்றிலும் இருக்கின்றன.

---

குர்லா அச்சுப்பட்டறை

பறவைநோக்கி சொல்லும் செய்திகள் உண்மை, ஆனால் அவை நடந்த வரிசை தலைகீழாகச் சொல்லப்படுகிறது. அந்த ரயிலை உருவாக்கிய குழுவிலிருந்த பொறியாளர் எய்ஜி நகாட்சு பறவைகளைக் கவனிக்கும் பழக்கமுள்ளவர்தான். அவர் மீன்கொத்தியைப் பார்த்துவிட்டு ரயில் செய்யக் கிளம்பவில்லை. ரயில் குறுகிய சுரங்கத்துக்குள் வேகமாக நுழையும்போது முன்னாலிருக்கும் காற்று அழுந்தி, மறுவாயில் வெடிச்சத்தமாக வெளியேறி, அங்கே குடியிருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. தடை குறைந்த காற்றிலிருந்து தடை மிகுந்த காற்றுக்குள் திடீரென்று நுழைய வேண்டும் என்று சிக்கலை அவர் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிறகுதான், காற்றிலிருந்து நீருக்குள் தெறிப்பே இல்லாமல் பாயும் பறவை அவருக்கு விடையாகத் தெரிந்தது. ரயில் 1997-இல் ஓடத் தொடங்கியது. மீன்கொத்தியை ஜப்பானில் அதற்கு முன்பும் எல்லோரும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் 31 ஆண்டுகள் அச்சுகள் செய்யும் டூல்ரூமில் வேலை பார்த்தவன், படித்த வடிவமைப்பாளன் அல்லன். அழகான படத்தோடு வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "இப்போது இருப்பதில் எது கெட்டுப்போகிறது?" என்பதுதான். சுமீத் மிக்ஸியின் கதையை உங்கள் தலைமுறை கேட்டிருக்காது. சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் இருந்த ஜெர்மானிய மிக்ஸி, நம் ஊர் அரைப்பைத் தாங்க முடியாமல் மோட்டார் எரிந்து நின்றுவிட்டது. அது பழச்சாற்றுக்குச் செய்யப்பட்ட இயந்திரம். தோசை மாவு என்ன என்று அதற்குத் தெரியாது. 1963-இல் அவர் கொண்டுவந்த மிக்ஸிக்கு ஊற்று அந்த எரிந்த மோட்டார்தான். வடிவத்தைத் தேடாதீர்கள், எரிந்த மோட்டாரைத் தேடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செய்முறையும் யோசனை தரும். பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று அடங்குவது யாருடைய கற்பனையும் அன்று. வார்த்த பொருள் அச்சிலிருந்து கழன்று வர வேண்டுமானால் சுவருக்கு ஓரிரு பாகையாவது சரிவு கொடுத்தாக வேண்டும், அந்தச் சரிவே அடுக்கும் வசதியாகிவிட்டது. உங்கள் பாத்திரம் அலுமினியம் என்றால் தகட்டைக் கடைசலில் சுழற்றி மர அச்சின்மேல் அழுத்தி எடுக்கும் ஸ்பின்னிங் பட்டறை ஒன்றில் இரண்டு நாள் உட்காருங்கள். வட்டமான எதையும் அங்கே குறைந்த செலவில் செய்யலாம். சதுரம் கேட்டால் தகட்டை அழுத்தி வடிவெடுக்கும் பிரஸ் டூல் வேண்டும், அதற்கு லட்சக்கணக்கில் ஆகும். நானூறு படங்களில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

---

தொண்ணூறடிச் சாலை

நான் வடிவமைப்புத் துறையைச் சேர்ந்தவன் அல்லன், வங்கி ஊழியன். என் அப்பா 22 ஆண்டுகள் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்றவர் என்பதால் இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் அதிகாலை 3 மணிக்கு அடுப்பு எரியும். முதல் நாள் மாலையே மாவு அரைத்திருப்பார்கள். ஐந்தரை மணிக்குள் இட்லி, வடை, தேங்காய்ச் சட்னி, சாம்பார் எல்லாம் ஏறியாக வேண்டும். முழுச் சுமை இருக்கும்போது அப்பா சைக்கிளில் ஏறவே மாட்டார், தள்ளிக்கொண்டுதான் போவார். சுமை பாதியாகக் குறைந்த பிறகே மிதிப்பார். ஆகவே அது காலையில் கைவண்டி, ஒன்பது மணிக்குமேல் சைக்கிள். இதை உங்கள் டென்மார்க் சைக்கிள் அறியாது.

அடுத்தது, நிறுத்துவது. ஸ்டாண்டு போட்டாலும் அப்பாவின் வலது முழங்கால் சட்டத்தில் சாய்ந்தே இருக்கும். ஒரு பக்கம் சாம்பார் தூக்கு, மறுபக்கம் சட்னித் தூக்கு. சட்னி எப்போதும் முதலில் தீரும், அப்போது எடை ஒரு பக்கமாகச் சாயும். வாடிக்கையாளருக்கு அது தெரியாது, அந்த முழங்காலுக்குத் தெரியும். அவர் தொழிலை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன, இன்றும் அந்தக் காலில்தான் வலி.

மூன்றாவதாக, ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டி வருகிறது என்று யாராவது குரல் கொடுத்தால் நான்கைந்து நொடிகளில் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும். மடித்து விரிக்கும் மேசை, இழுத்துத் திறக்கும் தட்டு என்று எதை வடிவமைத்தாலும் அதை மூடுவதற்குள் பாத்திரங்கள் லாரியில் ஏறிவிடும். சென்ற ஆண்டு ஒரு குழு வந்து எங்கள் பகுதியில் ஒருவருக்கு அழகான மடக்கு மேசையோடு ஒரு வண்டி கொடுத்தது. அவர் அதை இப்போது வீட்டில் துணி வைக்கப் பயன்படுத்துகிறார்.

நான்காவதாக ஒன்று, சிறியது, ஆனால் அப்பா தினமும் சலித்துக்கொள்வார். மூடியின் உட்புறத்தில் ஆவி நீராகி இட்லியின்மேல் சொட்டும். ஏழு மணிக்குப் பிறகு மேலடுக்கு இட்லி நசநசவென்று ஆகிவிடும். அதற்காகத்தான் ஈரம் உறிஞ்சத் துணி போட்டு மூடுவார்கள். மழைக்காலத்தில் அந்தத் துணியைக் காயவைப்பது தனிப் பாடு.

வரைபலகை, உங்களுக்கு விருப்பமிருந்தால் அப்பாவையும் இன்னும் தொழிலில் இருக்கும் என் சித்தப்பாவையும் சந்திக்க ஏற்பாடு செய்கிறேன்.

---

வரைபலகை

ஐயா, உங்கள் பதிவை நான்கு முறை படித்தேன். ஆறு வாரங்களில் இரண்டு இட்லிக்காரர்களை நேர்கண்டேன், இருவரிடமும் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு "உங்களுக்கு என்ன சிரமம்?" என்று கேட்டேன், இருவரும் "ஒன்றும் இல்லை மகளே, நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்கள். அதை உண்மை என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் திங்கள்கிழமை அதிகாலையில் உங்கள் சித்தப்பாவோடு கிளம்ப அனுமதி கிடைக்குமா?

---

தொண்ணூறடிச் சாலை

மூன்று மணிக்கு வந்துவிடுங்கள். சித்தி காப்பி கொடுப்பார்.

---

பழம்பொருள் பித்து

குர்லா ஐயாவோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆயினும் பார்ப்பதையே குறைசொல்லும் தொனி எனக்கு ஏற்புடையதன்று. எதை, எந்தக் கேள்வியோடு பார்க்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. திரையில் பார்க்கும் பொருளுக்கு எடை கிடையாது, சூடு கிடையாது, பிடி கிடையாது. ஆகவே மேற்பரப்பும் நிறமும் மட்டுமே நம் கைக்கு இறங்குகின்றன. எல்லாரும் ஒரே படங்களைப் பார்ப்பதால் எல்லாருடைய பொருளும் ஒரே சாயலில் வருவதில் வியப்பில்லை.

பைகுல்லாவிலுள்ள பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா? 1872-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்ற பெயரில் திறக்கப்பட்ட கட்டடம் அது. கைவினை, தொழில்கலைப் பொருள்களைக் காட்டுவதற்காகவே உண்டானதால் அங்கே செம்பு, வெள்ளி, மண், கொம்பு என்று ஒவ்வொரு மூலப்பொருளும் எப்படி வளைந்து கொடுத்திருக்கிறது என்று பார்க்கலாம். அங்கிருந்து புலேஷ்வர் பாத்திரக் கடைகளுக்கு நடந்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் கையில் தூக்கிப் பாருங்கள். விளிம்பு ஏன் வெளியே மடிந்திருக்கிறது, கழுத்து ஏன் குறுகியிருக்கிறது என்று ஒவ்வொன்றிடமும் கேளுங்கள். நம் வீட்டு டம்ளரின் மடிந்த விளிம்பு அழகுக்காக வந்ததன்று. கொதிக்கும் காப்பியை அந்த விளிம்பில்தான் விரல் நுனியால் பிடிக்கிறோம், தகடும் அதனால் உறுதி பெறுகிறது.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் நம் சாதாரணத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு கேள்விகளாக அடுக்குகிறார்கள். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எத்தகைய கைகள் அதைத் தூக்கும், தலையிலா இடுப்பிலா கையிலா சுமக்கப்படும், நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் எடைமையம் எங்கே விழும், ஊற்றும்போது நீர் எப்படி ஓடும், உட்புறத்தைக் கழுவக் கை போகுமா, தட்டினால் என்ன ஓசை வரும் என்று அந்த வரிசை நீள்கிறது. தொண்ணூறடிச் சாலை எழுதிய முழங்கால் செய்தி இந்தப் பட்டியலில் நிறைந்த பாத்திரம், வெறும் பாத்திரம் என்ற கேள்வியேதான். செம்பை அப்படியே வரைந்து வைப்பதால் பயனில்லை, இந்தக் கேள்விகளை இட்லிப் பாத்திரத்திடம் கேட்டால் பயன் உண்டு.

இன்னொரு வகை ஊற்றும் இருக்கிறது, மக்கள் யோசிக்காமல் செய்யும் செயல். ஜப்பானிய வடிவமைப்பாளர் நவோட்டோ ஃபுகாசாவா முஜி நிறுவனத்துக்காகச் செய்த சுவர் சி.டி. இயக்கியில் பொத்தானுக்குப் பதிலாக ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் பாட்டு. சமையலறைப் புகைவிசிறியின் கயிற்றை இழுத்துப் பழகிய கைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சித்தப்பாவின் கை யோசிக்காமல் எங்கே போகிறது என்று மட்டும் திங்கள்கிழமை கவனியுங்கள்.

---

அந்தேரி ஃப்ரீலான்சர்

மாணவர்களுக்கு இதெல்லாம் சாத்தியம். எனக்கு வரும் வாடிக்கையாளர் ஒரு வெளிநாட்டுப் பொருளின் படத்தைக் காட்டி "இதேபோல், ஆனால் வேறு மாதிரி" என்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்கிறார். இட்லிக்காரரோடு அதிகாலையில் நடக்க எந்தப் பட்டியலிலும் தொகை ஒதுக்க முடிவதில்லை. சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். வரைபலகை, நீங்கள் இதுவரை வரைந்தவற்றை இங்கே ஏற்றுங்களேன், எல்லோரும் கருத்துச் சொல்லலாம்.

---

பதிவுரிமைப் பக்கம்

தயவுசெய்து ஏற்ற வேண்டாம். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவு செய்யக் கேட்கும் வடிவம் புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே இந்தியாவிலோ வேறு நாட்டிலோ வெளியிடப்பட்டிருந்தால், அதை வெளியிட்டவர் நீங்களேயானாலும், பொதுவாகப் புதுமை போய்விடும். பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகள், பிறகு 5 ஆண்டுகள் நீட்டிப்பு. இச்சட்டம் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையும் அலங்காரத்தையும் மட்டுமே காக்கும், இயங்கும் முறையைக் காக்காது; அது காப்புரிமைச் சட்டத்தின் வேலை. அந்தேரி நண்பரின் "இதேபோல், ஆனால் வேறு மாதிரி" வாடிக்கையாளருக்கும் இதை அச்செடுத்துக் கொடுக்கலாம்.

---

வரைபலகை (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

தாமதத்துக்குப் பொறுத்தருள்க. சித்தப்பாவோடு ஐந்து காலைகள் நடந்தேன். முதல் நாள் குறிப்பேட்டில் ஒன்றுமே எழுதவில்லை, ஏனெனில் சட்னித் தூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இரண்டாம் நாளிலிருந்து சொட்டும் மூடியைப் பிடித்துக்கொண்டேன். எடைச் சாய்வுதான் பெரிய சிக்கல் என்று தெரிந்தும் சிறியதில் தொடங்கலாம் என்று நினைத்தேன். தட்டையான மூடியில் நீர்த்துளி நின்ற இடத்திலேயே பெருத்து விழுகிறது. சரிவான மூடியில் வழிந்து ஓரத்துக்குப் போகும், எனவே கூம்பு மூடி செய்தால் போதும் என்று தோன்றியது. ஆவியாக்கிச் சாறு வடிக்கும் பழைய கலங்களான வாலைகளிலும் ஆவி நீர் சரிவில் வழிந்துதான் இறங்குகிறது என்பதால் எனக்கு ஒரே மகிழ்ச்சி. குர்லா ஐயா சொன்னபடி ஸ்பின்னிங் பட்டறைக்குப் போய் மர அச்சுச் செய்வித்து மூன்று சரிவுகளில் மூன்று மூடிகள் எடுத்தேன். 30 பாகைச் சரிவில் என் மாதிரியில் ஏறக்குறைய எல்லா நீரும் ஓரத்துக்குப் போய்விட்டது.

சித்தப்பா அதை ஒரு நாள் பயன்படுத்தினார். மறுநாள் பழைய மூடியோடு கிளம்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "நன்றாகத்தான் இருக்கிறது மகளே" என்றார். அந்த வாக்கியத்தை நம்பக் கூடாது என்று அதற்குள் கற்றிருந்தேன். மீண்டும் கூட நடந்தபோதுதான் தெரிந்தது: இட்லி எடுத்து வைக்கும் தட்டை அவர் சாம்பார்த் தூக்கின் மூடிமேல் வைப்பதில்லை, இட்லிப் பாத்திரத்தின் தட்டையான மூடியின்மேல்தான் வைக்கிறார். சில்லறை எண்ணுவது அங்கே. காகிதக் கட்டு அங்கே. அந்த மூடிதான் அவருடைய கடைப்பலகை, நானோ அதைக் கூம்பாக்கிவிட்டேன்.

இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஜூலை மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாந்து பார்த்தேன். தகரக் கூரைக்கு ஒரு சாண் கீழே ஒரு நீல நெகிழித் தாளை ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். தகரத்தில் ஒழுகுவதும் வியர்ப்பதும் தாளில் விழுந்து, சுவரோரமாக வழிந்து, ஒரு வாளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே தட்டை, உள்ளே சரிவு. அந்த வீட்டுக்கு அதற்கு முன் மூன்று முறை போயிருக்கிறேன், அந்தத் தாள் மூன்று முறையும் அங்கேதான் இருந்திருக்கிறது.

இப்போது மூடி இரண்டு தகடுகளால் ஆனது. மேல்தகடு பழையபடி கடைப்பலகை. அடியில் ஒரு கூம்பு. எதிர்பாராத ஆதாயம் ஒன்றும் கிடைத்தது. நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுப்பதால் உள்கூம்பு முன்போலக் குளிர்வதில்லை, ஆகவே அதில் படியும் நீரே குறைகிறது. துணியை இன்னும் முழுதாக விடவில்லை. சரிவும் இரட்டைத் தகடும் புதுமை அல்ல என்பதால் தயக்கமின்றி எழுதிவிட்டேன். பிடியின் வடிவத்தை மட்டும், பதிவுரிமைப் பக்கம் சொன்னதற்கிணங்க, இங்கே எழுதவில்லை.

---

குர்லா அச்சுப்பட்டறை

இரண்டு தகடுகளை ஓரத்தில் எப்படி இணைத்திருக்கிறீர்கள்? மடித்து அழுத்தியிருந்தால் இரண்டு மாதத்தில் இடைவெளிக்குள் ஆவி புகும், உள்ளே நீர் தேங்கி நாறும், கழுவவும் முடியாது.

---

வரைபலகை

மடித்துத்தான் அழுத்தியிருக்கிறேன் ஐயா. இதை யோசிக்கவில்லை.

---

குர்லா அச்சுப்பட்டறை

உள்கூம்பைக் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள். டிபன் கேரியரின் அடுக்கு ஒன்றின்மேல் ஒன்று எப்படி உட்காருகிறது என்று வீட்டில் எடுத்துப் பாருங்கள். அந்தப் படி வெட்டு ஸ்பின்னிங்கிலேயே வரும், தனி அச்சு வேண்டாம். சனிக்கிழமை பட்டறையில் இருப்பேன், மூடியோடு வாருங்கள். சித்தப்பாவையும் அழைத்து வாருங்கள், அந்த முழங்கால் எவ்வளவு உயரத்தில் சாய்கிறது என்று அளக்க வேண்டும்.